இதய அறுவையில் சொந்த ரத்தம்: எடுப்பதும் கழுவுவதும் திருப்பித் தருவதும்

இதய அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் உடலிலிருந்து வெளியே வரும் ரத்தத்தைச் சேகரித்து அவருக்கே திரும்ப ஏற்றுவது இன்று உலகின் பல இதய மையங்களில் அன்றாட நடைமுறை. இது ஒற்றை முறை அன்று. அறுவைக்குப் பல நாள் முன்பே ரத்தம் எடுத்துவைக்கலாம். மயக்க மருந்து கொடுத்தவுடன் எடுக்கலாம். மார்பு திறந்திருக்கும்போது சிந்துவதை உறிஞ்சிச் சேர்க்கலாம். இதய-நுரையீரல் இயந்திரத்தில் மிஞ்சியதை மீட்கலாம். அறுவை முடிந்தபின் வடிகுழாயில் வருவதையும் சேகரிக்கலாம். எல்லாமே அந்த நோயாளியின் ரத்தம்தான். ஆனால் எந்தக் கட்டத்தில், எங்கிருந்து எடுத்தார்கள், எடுத்தபின் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்து அதன் தரம் பெரிதும் மாறுகிறது. ஒவ்வொரு முறையின் பலனும் ஆபத்தும் இந்த மாற்றத்திலிருந்தே வருகின்றன.

ரத்தம் ஏன் இவ்வளவு செலவாகிறது?

இதய அறுவையில் மார்பெலும்பை நெடுக அறுத்துத் திறக்க வேண்டியிருக்கிறது. பைபாஸ் அறுவையானால் காலிலிருந்து சிரையையோ கையிலிருந்து தமனியையோ எடுக்க வேண்டும். இதயத்தை நிறுத்தி வேலை செய்ய, இதய-நுரையீரல் இயந்திரம் ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் சேர்த்து, மகாதமனிக்குத் திரும்ப அனுப்புகிறது. பிளாஸ்டிக் குழாய்களின் பரப்பைத் தொட்டாலே ரத்தம் உறையத் தொடங்கும் என்பதால், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 300 முதல் 400 அலகு ஹெப்பாரின் முன்கூட்டியே செலுத்துகிறார்கள். உறைநேரச் சோதனையில் இயல்பாக இரண்டு நிமிடத்துக்குள் உறையும் ரத்தம், இந்த மருந்துக்குப்பின் ஏறத்தாழ 480 வினாடிகளைத் தாண்டியும் உறையாமல் இருக்க வேண்டும். அதுவரை இயந்திரத்தைத் தொடங்குவதில்லை.

இயந்திரம் ஓடும்போது தட்டணுக்கள் குழாய்ப் பரப்பில் ஒட்டித் திறன் இழக்கின்றன; உறைதல் காரணிகள் நீர்த்துப்போகின்றன. உடலைக் குளிர்வித்திருந்தால் உறைதல் இன்னும் மந்தமாகும். நோயாளிகளில் பலர் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற தட்டணுத் தடுப்பு மருந்துகளை அறுவைக்குச் சில நாள் முன்புவரை சாப்பிட்டு வந்தவர்கள். இரண்டாம் முறை திறக்கப்படும் மார்பில் பழைய தழும்புத் திசுக்கள் இதயத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிரிக்கும்போது ரத்தம் அதிகமாகவே கசியும்.

அமெரிக்காவில் ஏற்றப்படும் மொத்த ரத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இதய அறுவைகளுக்கே போகிறது என்று அந்நாட்டு மார்பறுவை, மயக்கவியல் மருத்துவர் சங்கங்கள் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கணித்தது. இந்தச் செலவு எல்லா நோயாளிகளிடமும் சமமாக விழுவதில்லை. 15 முதல் 20 சதவீத நோயாளிகளே மொத்தத்தில் 80 சதவீதத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் அதே வழிகாட்டுதல் தரும் கணக்கு. முதியோர், சிறிய உடல்வாகு உள்ளவர்கள், ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்கள், மறு அறுவைக்கு வருபவர்கள், அவசர அறுவைக்கு வருபவர்கள் ஆகியோரே இந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் அடங்குவர்.

பிறர் ரத்தத்தின் பக்கவிளைவுகள்

கொடையாளரின் ரத்தம் உயிர் காப்பது. கடும் ரத்தப்போக்கில் அதற்கு மாற்று இல்லை. ஆனாலும் அது ஒருவகையில் சிறு உறுப்பு மாற்றத்துக்குச் சமம். பிரிவு மாறிய ரத்தம் ஏறினால் சிவப்பணுக்கள் உடலுக்குள்ளேயே சிதையும். இது பெரும்பாலும் பெயர் மாறுவது, சீட்டு மாறுவது போன்ற அடையாளப் பிழைகளால் நேர்வது. கொடையாளரின் பிளாஸ்மாவிலுள்ள எதிர்ப்பொருள்கள் சிலருக்கு நுரையீரலில் திடீர் நீர்க்கோவையை உண்டாக்கும். பலவீனமான இதயத்தில் கூடுதல் திரவம் ஏறினாலே மூச்சுத்திணறல் வரும். மஞ்சள் காமாலை வைரஸ்கள், எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் மேம்பட்டபின் தொற்று அபாயம் வெகுவாகக் குறைந்திருக்கிறது, முற்றிலும் நீங்கவில்லை. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவரின் உடலில் புதிய எதிர்ப்பொருள்கள் உருவாகி, அடுத்த முறை பொருந்தும் ரத்தம் கிடைப்பதே கடினமாகும்.

சேமிப்பினாலும் ரத்தம் மாறுகிறது. குளிர்பதனப் பெட்டியில் சிவப்பணுக்களை 35 அல்லது 42 நாள்வரை வைத்திருக்கலாம். ஆனால் திசுக்களுக்கு ஆக்சிஜனை இறக்கிக் கொடுக்க ஹீமோகுளோபினுக்கு உதவும் 2,3-டிபிஜி என்ற பொருள் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பெருமளவு தீர்ந்துவிடும். ஏற்றியபின் அது மீண்டும் உருவாக மணிக்கணக்கில் ஆகும். அறுவை மேசையில் சிந்திச் சில நிமிடங்களில் திரும்பும் சொந்தச் சிவப்பணுக்களில் இந்தக் குறை இல்லை.

முறை வளர்ந்த கதை

சிந்திய ரத்தத்தைத் திருப்பித் தரும் எண்ணம் ரத்தப் பிரிவுகள் கண்டறியப்படுவதற்கு முன்பே தோன்றியது. லண்டனைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டெல் 1818-இல் நாய்களின் ரத்தத்தை வெளியேற்றி அவற்றுக்கே ஊசிக்குழல் வழியே திருப்பிச் செலுத்திப் பார்த்தார். எடின்பரோவில் ஜான் டங்கன் என்ற அறுவை மருத்துவர், காலை வெட்டியகற்றும் அறுவையில் வெளியேறிய ரத்தத்தில் சோடியம் பாஸ்பேட் கலந்து உறையாமல் தடுத்து, தொடைச் சிரை வழியே அதே நோயாளிக்கு ஏற்றியதை 1886-இல் எழுதினார். 1914-இல் ஜெர்மனியில் யோகன்னஸ் தீஸ், கருப்பைக்கு வெளியே வளர்ந்த கரு வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் தேங்கிய மூன்று பெண்களுக்கு, அந்த ரத்தத்தைத் துணியில் வடிகட்டித் திருப்பிச் செலுத்தினார்.

அதன்பின் இந்த முறை பின்னுக்குத் தள்ளப்பட்டது. கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்த ரத்தப் பிரிவுகளும், சிட்ரேட் கலந்து ரத்தத்தைச் சேமிக்கும் முறையும் பிறர் ரத்தத்தை எளிதாக்கின. 1937-இல் சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் பெர்னார்ட் ஃபேண்டஸ் ரத்த வங்கியைத் தொடங்கியபின், சிந்திய ரத்தத்தைத் திரட்டும் சிரமத்தைப் பலர் எடுத்துக்கொள்ளவில்லை.

வியட்நாம் போர்க்காலத்தில் சிந்திய ரத்தத்தை மீட்கும் தேவை மீண்டும் எழுந்தது. அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் ஜெரால்ட் கிளெபனாஃப், இதய அறுவையில் பயன்படும் உறிஞ்சுபம்பையும் வடிகட்டியையும் இணைத்து, காயத்திலிருந்து வரும் ரத்தத்தை நேரடியாக உடலுக்குத் திருப்பும் கருவியை உருவாக்கினார். பென்ட்லி நிறுவனம் அதை 1970-களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் கலம் காலியானதைக் கவனிக்காவிட்டால் பம்பு காற்றைச் சிரைக்குள் தள்ளிவிடும். அப்படி நேர்ந்த மரணங்களுக்குப்பின் அக்கருவி கைவிடப்பட்டது.

மாற்று வழி ரத்தத்தைப் பிரித்துக் கழுவும் முறையிலிருந்து வந்தது. ஹார்வர்டில் எட்வின் கோன் பிளாஸ்மாவைப் பிரிப்பதற்காக உருவாக்கிய சுழல்கருவியின் வழியில், பொறியாளர் ஆலன் லேதம் ஒருமுறை பயன்படுத்தி எறியத்தக்க பிளாஸ்டிக் கிண்ணத்தை வடிவமைத்தார். அவர் 1971-இல் தொடங்கிய ஹீமோனெட்டிக்ஸ் நிறுவனம் அதை வைத்து ‘செல் சேவர்’ என்ற இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த வணிகப் பெயரே இன்று அறுவை அரங்குகளில் எல்லா நிறுவனங்களின் இயந்திரங்களுக்கும் பொதுப்பெயராக வழங்குகிறது.

இதய அறுவைத் துறையை இன்னொரு வகையில் உந்தியவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவினர். இவர்கள் மத நம்பிக்கையின்படி பிறர் ரத்தத்தை ஏற்பதில்லை. ஹூஸ்டன் நகரில் டென்டன் கூலி 1960-களின் தொடக்கம் முதலே இவர்களுக்குப் பிறர் ரத்தம் இல்லாமல் இதய அறுவைகள் செய்தார். 1977-இல் அவரும் டேவிட் ஓட்டும் அத்தகைய 542 அறுவைகளின் முடிவுகளை வெளியிட்டனர். ரத்தத்தைச் சிக்கனமாகக் கையாண்டால் பெரிய இதய அறுவையையும் பிறர் ரத்தமின்றி முடிக்க முடியும் என்பதற்கு அது பெரிய சான்றாயிற்று.

இயந்திரத்தின் உள்ளே நடக்கும் நீர்ப்பு

1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு ஓர் இளம்பெண்ணின் இதயத்திலிருந்த துளையை வெற்றிகரமாக மூடினார். அந்தக் கால இயந்திரங்களின் குழாய்களையும் ஆக்சிஜன் ஊட்டும் பகுதியையும் நிரப்பவே பல கொடையாளர்களின் ரத்தம் வேண்டியிருந்தது. 1960 வாக்கில் ஓக்லஹோமாவில் நாசி ஜுஹ்தியும், பிறகு ஹூஸ்டனில் கூலியும் ரத்தத்துக்குப் பதிலாக டெக்ஸ்ட்ரோஸ் கலந்த நீரால் இயந்திரத்தை நிரப்பத் தொடங்கினர். இன்று உப்புக்கரைசல் வகைத் திரவங்களே வழக்கம்.

இந்த மாற்றம் கொடையாளர் ரத்தத்தை மிச்சப்படுத்தியது. நோயாளியின் ரத்தத்தை நீர்க்கச் செய்தது. ஒரு கணக்கு இதை விளக்கும். 45 கிலோ எடையுள்ள பெண்ணின் உடலில் ஏறத்தாழ 2.9 லிட்டர் ரத்தம் இருக்கும். ரத்தத்தின் கொள்ளளவில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹிமடோகிரிட் அவருக்கு 36 சதவீதம் என்றால், சிவப்பணுக்கள் மட்டும் ஒரு லிட்டர் அளவு. 1.5 லிட்டர் திரவம் நிரம்பிய இயந்திரத்தோடு அவர் இணைக்கப்பட்டால் அதே ஒரு லிட்டர் சிவப்பணுக்கள் 4.4 லிட்டரில் பரவும். ஹிமடோகிரிட் 24 சதவீதத்துக்கு இறங்கும். ஒரு துளிகூடச் சிந்தாமலே அவர் ரத்தம் ஏற்ற வேண்டிய நிலைக்கு அருகே வந்துவிடுகிறார்.

எனவே சொந்த ரத்தத்தைக் காக்கும் முதல் படி இயந்திரத்தின் கொள்ளளவைக் குறைப்பது. குழாய்களைச் சிறிதாக்கி, இயந்திரத்தை மேசைக்கு அருகே நகர்த்தி வைக்கிறார்கள். இயந்திரத்தைத் தொடங்குவதற்குச் சற்று முன், நோயாளியின் சொந்த ரத்தத்தை மகாதமனிக் குழாய் வழியே பின்னோக்கி வரவிட்டு, குழாய்களில் இருந்த உப்புக்கரைசலை ஒரு பைக்குள் வெளியேற்றும் முறையும் உண்டு. மேற்கண்ட பெண்ணிடம் இப்படி 700 மி.லி. திரவத்தை வெளியேற்றினால் ஹிமடோகிரிட் 28 சதவீதத்தில் நிற்கும். அந்தச் சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் தாழாமல் மயக்கவியலர் மருந்தால் தாங்கிப் பிடிக்க வேண்டும். கூடுதல் உபகரணம் எதுவும் தேவையில்லாத இம்முறையை, இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்டும் மயக்கவியலரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே செய்து முடிக்கிறார்கள்.

முன்கூட்டியே எடுத்துவைத்தல்

திட்டமிட்ட அறுவைக்கு மூன்று நான்கு வாரம் முன்பிருந்தே, இடைவெளி விட்டு ஒவ்வோர் அலகாக நோயாளியின் ரத்தத்தை எடுத்து வங்கியில் வைப்பது பழைய வழி. எய்ட்ஸ் அச்சம் பரவிய 1980-களில் மேல்நாடுகளில் இது பெருகியது. பொதுவாக ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கடைசி அலகை அறுவைக்கு 72 மணிநேரம் முன்பாவது எடுத்து முடிக்க வேண்டும். இதய நோயாளிகளில் பலருக்கு இது பொருந்தாது. ஓய்விலும் வரும் நெஞ்சுவலி, இடது முதன்மைத் தமனி அடைப்பு, கடுமையான மகாதமனி வால்வு சுருக்கம் உள்ளவர்களிடம் அரை லிட்டர் ரத்தத்தை எடுப்பதே ஆபத்து. எடுத்த ரத்தத்தை உடல் ஈடுசெய்வதற்குள் அறுவை நாள் வந்துவிட்டால், நோயாளி ரத்தசோகையோடு மேசைக்கு வருவார். எடுத்துவைத்த அலகுகளில் பாதி வரை பயன்படாமல் வீணாவதும் உண்டு. ரத்தப் பரிசோதனைகள் நம்பகமானபின் இந்த முறை பெரிதும் அருகிவிட்டது. அரிய ரத்தப் பிரிவு உள்ளவர்களுக்கும், பல எதிர்ப்பொருள்கள் உருவாகிப் பொருத்தமான ரத்தம் கிடைக்காதவர்களுக்கும் மட்டும் இன்னும் உதவுகிறது.

மற்றொரு வழி அறுவை அரங்கிலேயே எடுப்பது. மயக்கம் கொடுத்தபின், ஹெப்பாரின் செலுத்துவதற்கு முன், பெரிய சிரையில் போட்ட குழாய் வழியே ஒன்று அல்லது இரண்டு அலகு முழு ரத்தத்தை உறைதடுப்பான் உள்ள பையில் இறக்கி, ஈடாகத் திரவம் ஏற்றுகிறார்கள். பையில் பெயரும் எண்ணும் நேரமும் எழுதி அந்த அறைக்குள்ளேயே வைக்கிறார்கள். குளிரில் தட்டணுக்கள் திறன் இழக்கும் என்பதால் அறை வெப்பநிலையில்தான் வைப்பது. அப்படி எட்டு மணிநேரம் வரை வைத்திருக்கலாம். இயந்திரம் நின்று, ஹெப்பாரினின் வேலையை முறிக்கும் புரோட்டமின் செலுத்திய பிறகு இந்த ரத்தம் திரும்ப ஏறுகிறது.

இதில் எதிர்பார்க்கப்படும் நன்மை இரண்டு. முதலாவது, இடைப்பட்ட நேரத்தில் சிந்துவது நீர்த்த ரத்தம். ஹிமடோகிரிட் 40-இல் ஒரு லிட்டர் சிந்தினால் 400 மி.லி. சிவப்பணுக்கள் போகும்; 28-இல் சிந்தினால் 280 மட்டுமே. இரண்டாவது, பையிலுள்ள ரத்தம் இயந்திரத்தைத் தொடாதது. தட்டணுக்களும் உறைதல் காரணிகளும் முழுமையாக உள்ளது. ஆனால் 11 நாடுகளில் 2,010 நோயாளிகளிடம் நடந்து 2025-இல் வெளியான ஆய்வு இந்த எதிர்பார்ப்பைத் தணித்தது. இம்முறையைப் பெற்றவர்களில் 27.3 சதவீதத்தினருக்கும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 29.2 சதவீதத்தினருக்கும் பிறர் சிவப்பணுக்கள் தேவைப்பட்டன. இந்தச் சிறு வேறுபாடு புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. ஆகவே எல்லாருக்கும் செய்யத்தக்க முறையாக இதைச் சொல்ல முடியாமல் போயிற்று.

செல் சேவர் வேலை செய்யும் விதம்

அறுவைக் களத்தில் சிந்தும் ரத்தத்தை மீட்கும் முதன்மைக் கருவி இதுவே. உறிஞ்சுகுழாய்க்குள் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று ரத்தத்தை இழுக்கிறது. மற்றொன்று குழாயின் முனைக்கு அருகே உறைதடுப்பானைச் சொட்டுகிறது. ஒரு லிட்டர் உப்புக்கரைசலில் 30,000 அலகு ஹெப்பாரின் என்பது வழக்கமான கலவை. உறிஞ்சும் விசை அதிகமானால் சிவப்பணுக்கள் உடையும் என்பதால், பாதரச அளவில் 150 மி.மீ.க்கு மேற்படாமல் வைக்கிறார்கள். முனையைக் காற்றும் ரத்தமும் கலக்கும் மேற்பரப்பில் வைத்தால் நுரை எழுந்து அணுக்கள் சிதையும்; தேங்கியிருக்கும் ரத்தத்துக்குள் அமிழ்த்தி வைக்க வேண்டும். ரத்தம் தோய்ந்த பஞ்சுத்துணிகளை உப்புக்கரைசலில் அலசிப் பிழிந்து அந்த நீரையும் உறிஞ்சிக்கொள்வார்கள். எல்லாம் வடிகட்டி உள்ள சேகரிப்புக் கலத்துக்குப் போய்ச் சேரும்.

முதலில் இந்தக் கலத்தையும் உறிஞ்சுகுழாயையும் மட்டுமே பிரித்துப் பொருத்துவது பல இடங்களில் வழக்கம். கழுவும் கிண்ணத் தொகுதி விலை கூடியது. போதிய ரத்தம் சேர்ந்தால்தான் அதன் உறையைப் பிரிப்பார்கள். 225 மி.லி. கிண்ணத்தை நிரப்ப ஏறத்தாழ 125 மி.லி. சிவப்பணுக்கள் வேண்டும். கலத்தில் இருப்பது உறைதடுப்பானும் அலசிய நீரும் கலந்து நீர்த்த ரத்தம் என்பதால், அதற்கு 600 முதல் 800 மி.லி. வரை சேர வேண்டியிருக்கும். 

கிண்ணம் நிமிடத்துக்கு 5,000 சுற்றுகளுக்கு மேல் சுழல, ரத்தம் அதன் அடிப்பகுதிக்குள் பாய்கிறது. எடை மிகுந்த சிவப்பணுக்கள் சுவரோரம் படிந்து அடுக்காகின்றன. பிளாஸ்மா, தட்டணுக்கள், உடைந்த அணுக்களின் ஹீமோகுளோபின், ஹெப்பாரின் எல்லாம் மேல்வாய் வழியே கழிவுப் பைக்குப் போகின்றன. சிவப்பு அடுக்கு கிண்ணத்தின் தோள்பட்டையை எட்டியதை ஒளியுணரி கண்டதும், உப்புக்கரைசல் உள்ளே பாயத் தொடங்கும். ஒரு கிண்ணத்துக்கு ஒரு லிட்டர் அல்லது சற்றுக் கூடுதல். அரிசி களையும்போது தண்ணீர் தெளியும்வரை மாற்றுவது போல, கழிவுக்குழாயில் செந்நிறமாக ஓடும் நீர் வெளுக்கும்வரை கழுவுதல் நடக்கும். பிறகு சுழற்சி நின்று, பம்பு திசை மாறி, கழுவிய சிவப்பணுக்கள் தனிப் பைக்குப் போகும். இந்தச் சுற்று சில நிமிடங்களில் முடிந்துவிடும். பையிலுள்ளதன் ஹிமடோகிரிட் 50 முதல் 60 சதவீதம். அதாவது உடலிலுள்ள ரத்தத்தைவிட அடர்த்தியானது.

கிண்ணம் நிரம்பாத நிலையில் கட்டாயப்படுத்திக் கழுவினால் அணுக்கள் சரியாக அடுக்காகாது. அழுக்கும் முழுமையாக நீங்காது. குறைந்த அளவு ரத்தத்துக்குச் சிறிய கிண்ணங்களும், இடைவிடாமல் பிரித்துக் கழுவும் சுழல்பாதைக் கருவிகளும் வந்திருக்கின்றன. கழுவிய ரத்தத்தை அறை வெப்பநிலையில் நான்கு மணிநேரத்துக்குள் ஏற்ற வேண்டும். பையை அழுத்துபட்டையால் அமுக்கி வேகமாக ஏற்றக்கூடாது. உள்ளே காற்று இருக்கும் என்பதால் கிளெபனாஃப் கருவியைக் கவிழ்த்த அதே ஆபத்து இங்கேயும் உண்டு. சொந்த ரத்தம்தான் என்று பெயர்ச்சீட்டு ஒட்டாமல் விடுவதற்கும் இடமில்லை. பை வேறு அறைக்கோ தீவிர சிகிச்சைப் பிரிவுக்கோ நகர்ந்தால் பிரிவு மாறிய ரத்தம் ஏறிவிடக்கூடும்.

இரண்டு உறிஞ்சுகுழாய்கள்

இதய அறுவையில் செல் சேவரைத் தவிர இன்னோர் உறிஞ்சுகுழாயும் உண்டு. அது களத்து ரத்தத்தைக் கழுவாமலே இதய-நுரையீரல் இயந்திரத்தின் கலத்துக்கு அனுப்புகிறது. உடலில் ஹெப்பாரின் முழுமையாக வேலை செய்யும் நேரத்தில் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். இறுதியில் புரோட்டமின் செலுத்தத் தொடங்கியதை மயக்கவியலர் உரக்க அறிவித்ததும், பெர்ஃப்யூஷனிஸ்ட் இந்த உறிஞ்சலை நிறுத்திவிடுவார். புரோட்டமின் கலந்த ரத்தம் இயந்திரத்துக்குள் போனால் குழாய்களில் உறைந்துவிடும். அவசரத்தில் மீண்டும் இயந்திரத்தை ஓட்ட வழியிருக்காது. அதன்பின் சிந்துவதெல்லாம் செல் சேவருக்கே.

கழுவாத ரத்தத்தை நேரடியாகத் திருப்பும் வசதிக்கு ஒரு விலை இருப்பது 1990-களில் தெரியவந்தது. இதய உறைக்குள் தேங்கிய ரத்தம் அறுபட்ட திசுக்களையும் கொழுப்பையும் எலும்பு மச்சையையும் தொட்டது. உறைதலையும் அழற்சியையும் தூண்டும் பொருள்களும் கொழுப்புத் துளிகளும் அதில் மிகுதி. இயந்திரத்தின் துணையோடு அறுவை செய்துகொண்டு இறந்தவர்களின் மூளையில், நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஆங்காங்கே விரிந்திருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் டிக்சன் மூடியும் குழுவினரும் 1990-இல் காட்டினர். அவற்றில் கொழுப்பு அடைத்துக்கொண்டதே காரணம் என்றும், களத்திலிருந்து உறிஞ்சிய ரத்தமே அதன் முக்கிய ஊற்று என்றும் பின்னர் நாய்களில் செய்த சோதனைகள் சுட்டின.

அப்படியானால் களத்து ரத்தம் முழுவதையும் கழுவியே திருப்பினால் மூளை காக்கப்படுமா? 2007-இல் வெளியான இரண்டு கனடா ஆய்வுகள் எதிரெதிர் விடை தந்தன. ஒன்றில், கழுவிய ரத்தம் பெற்ற முதியோருக்கு அறுவைக்குப்பின் நினைவாற்றல் சரிவு குறைந்தது. மற்றொன்றில் அத்தகைய நன்மை தெரியவில்லை, ரத்தக்கசிவு கூடியது. கழுவும்போது கொழுப்போடு உறைதல் காரணிகளும் போய்விடுவதே இந்தக் கசிவுக்குக் காரணம். அதனால் நடைமுறையில் பல மையங்கள் இடைவழியை மேற்கொள்கின்றன: தெளிந்த, வேகமாகப் பாயும் ரத்தம் இயந்திரத்துக்கு, கொழுப்பு மிதக்கும், தேங்கிய ரத்தம் செல் சேவருக்கு.

இயந்திரத்தில் மிஞ்சுவது

இதயம் மீண்டும் துடித்து, இயந்திரம் நின்றபின், அதன் குழாய்களிலும் கலத்திலும் ஒரு லிட்டர் அளவுக்கு நீர்த்த ரத்தம் நிற்கும். இதைத் திருப்பித் தர நான்கு வழிகள். மகாதமனிக் குழாய் இன்னும் இருக்கும்போதே சிறிது சிறிதாக உடலுக்குள் தள்ளலாம். பைகளில் பிடித்துச் சிரை வழியே ஏற்றலாம். இரண்டிலும் பிளாஸ்மா புரதங்களும் எஞ்சிய தட்டணுக்களும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஹெப்பாரினும் கூடவே வரும். கூடுதலாகப் புரோட்டமின் தர வேண்டியிருக்கும். மூன்றாவது வழியாகச் செல் சேவரில் கழுவினால் ஹெப்பாரின் நீங்கும், புரதங்களும் நீங்கும். நான்காவது வழி நுண்துளை இழைகள் கொண்ட வடிகட்டி வழியே ரத்தத்தைச் செலுத்தி, நீரையும் உப்பையும் மட்டும் பிழிந்தெடுப்பது. அணுக்களும் பெரிய புரதங்களும் தங்கி, ரத்தம் செறிவடையும்.

குழந்தைகளுக்கு இந்த வடிகட்டும் முறை மிகவும் முக்கியம். மூன்று கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் மொத்த ரத்தம் 250 மி.லி. அளவே, இயந்திரத்தை நிரப்பும் திரவம் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கும். கொடையாளர் ரத்தம் சேர்க்காமல் முடியாத நிலை பெரும்பாலும் ஏற்படுகிறது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் மார்ட்டின் எலியட்டும் குழுவினரும் 1991-இல், இயந்திரம் நின்றவுடனே குழந்தையின் ரத்தத்தை வடிகட்டி வழியே சுற்றவிட்டு நீரை நீக்கும் முறையை விவரித்தனர். உடலில் சேர்ந்த நீரும் வீக்கமும் குறைந்து, ஹிமடோகிரிட் ஏறியது. குழந்தை இதய அறுவையில் அது பரவலாக வேரூன்றிவிட்டது.

வடிகுழாயில் வருவது

அறுவை முடிந்து மார்பை மூடியபின் உள்ளே கசியும் ரத்தம் வடிகுழாய்கள் வழியே வெளியேறும். அதை வடிகட்ட மட்டும் செய்து அப்படியே திருப்பி ஏற்றும் வழக்கம் 1970-களின் பிற்பகுதியில் தொடங்கிப் பரவியது. அந்த ரத்தம் மார்புக்குள்ளேயே உறைந்து மீண்டும் கரைந்தது. உறைதல் புரதமான ஃபைப்ரினோஜன் ஏறக்குறைய இல்லாதது. உறைவு சிதைந்த துண்டுகளும் அழற்சிப் பொருள்களும் நிறைந்தது. அதை ஏற்றினால் சில நோயாளிகளுக்குக் கசிவு கூடியது. ஏற்றிய பின் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகளும் மருத்துவர்களைக் குழப்பின. ஆகவே கழுவாமல் திருப்புவது பெரிதும் நின்றுவிட்டது. கசிவு அதிகமாக இருந்தால் செல் சேவரில் கழுவி, சேகரிக்கத் தொடங்கிய ஆறு மணிநேரத்துக்குள் ஏற்றலாம்.

எங்கே நிறுத்திக்கொள்வது?

கழுவிய ரத்தத்தில் சிவப்பணுக்களைத் தவிர ஏறக்குறைய எதுவும் இல்லை. ஒன்றிரண்டு கிண்ணங்கள் வரை இது பொருட்டல்ல. லிட்டர் கணக்கில் சிந்திக் கழுவித் திருப்பும்போது, ஹீமோகுளோபின் எண் நன்றாகவே இருக்க, தட்டணுக்களும் உறைதல் காரணிகளும் தீர்ந்து கசிவு நிற்காமல் போகும். அப்போது கொடையாளரின் பிளாஸ்மாவும் தட்டணுக்களும் தேவைப்படும்.

களத்தில் எதை உறிஞ்சலாம் என்பதற்கும் வரையறை உண்டு. கசிவை நிறுத்தத் தூவும் உறைவூக்கிப் பொடிகள், பசைகள், கிருமிநாசினிக் கரைசல், காயத்தைக் கழுவும் தூய நீர் ஆகியவை கலத்துக்குள் போகக் கூடாது. தூய நீர் கலந்தால் சிவப்பணுக்கள் ஊதி வெடிக்கும். இதய வால்வில் கிருமித் தொற்று உள்ளவர்களிடம், சீழ் உள்ள பகுதியில் சிந்துவதைத் தவிர்ப்பார்கள். கழுவுதல் கிருமிகளைக் குறைக்குமே தவிர முழுதும் நீக்காது. அரிவாளணு நோயுள்ளவர்களின் சிவப்பணுக்கள் கருவிக்குள் வளைந்து சிதையும் என்பதால் அங்கேயும் எச்சரிக்கை தேவை. யெகோவாவின் சாட்சிகளில் பலர், உடலோடு தொடர்பு அறாத சுற்றில் ஓடும் ரத்தத்தை ஏற்கிறார்கள். முன்கூட்டியே எடுத்து வங்கியில் வைத்ததை ஏற்பதில்லை. எந்த முறைக்கு இசைவு என்பதை அறுவைக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வாங்குவது வழக்கம்.

பலன் எவ்வளவு?

செல் சேவர் பற்றிய 75 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான காக்ரேன் மதிப்பீடு, எல்லா வகை அறுவைகளையும் சேர்த்துப் பார்த்தால் பிறர் ரத்தம் தேவைப்படும் வாய்ப்பு 38 சதவீதம் குறைவதாகக் கண்டது. இதய அறுவைகளில் மட்டும் இந்தக் குறைவு 23 சதவீதம். மொத்தத்தில் ஒரு நோயாளிக்குச் சராசரியாக மிச்சமாவது முக்கால் அலகுக்கும் குறைவு. அதிகம் சிந்தாத எளிய பைபாஸ் அறுவையில் கருவியில் கழுவும் அளவுக்குக்கூட ரத்தம் சேராமல் போகலாம். மகாதமனி அறுவையிலும் மறு அறுவையிலும் அதே கருவி பல அலகுகளை மிச்சப்படுத்தலாம்.

சொந்த ரத்தத்தை மீட்பதோடு ரத்தப்போக்கைக் குறைப்பதும், ஏற்றும் வரம்பைத் தாழ்த்துவதும் சேரும்போதுதான் கணக்கு பெரிதாகிறது. ஜப்பானியத் தம்பதியரான ஷோசுகே, உட்டாகோ ஒகாமோட்டோ 1962-இல் அறிவித்த டிரானெக்சாமிக் அமிலம், உருவான உறைவு கரையாமல் காத்துக் கசிவைக் குறைக்கிறது, விலையும் குறைவு. 5,243 நோயாளிகளிடம் நடந்து 2017-இல் வெளியான ட்ரிக்ஸ்-3 ஆய்வு, ஹீமோகுளோபின் 9.5 கிராமுக்குக் கீழே வந்தவுடனே ரத்தம் ஏற்றுவதைவிட 7.5-க்குக் கீழே வரும்வரை பொறுத்திருப்பது தாழ்ந்ததன்று என்று காட்டியது. 

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் எல்லை உண்டு. எடுத்துவைப்பதும் கழுவுவதும் வடிகட்டுவதும் நோயாளியிடம் ஏற்கெனவே உள்ள சிவப்பணுக்களை இழக்காமல் காக்குமே தவிர, புதிதாக ஓர் அணுவையும் உண்டாக்காது. ரத்தசோகையோடு வருபவரிடம் மீட்க வேண்டியதே குறைவாக இருக்கும். அதனால்தான் இன்றைய வழிகாட்டுதல்கள், காத்திருக்க முடிந்த அறுவைகளில் ஹீமோகுளோபினையும் இரும்புச்சத்தையும் முன்கூட்டியே சோதித்து, குறை இருந்தால் இரும்பு மருந்து கொடுத்துச் சரிசெய்வதையும் அறுவை அரங்கின் நடவடிக்கைகளோடு சேர்த்தே பரிந்துரைக்கின்றன.